ஆல்-டைம் ஐஸ் ஹாக்கி டிராஃப்ட்: டிஃபென்ஸ்மேன்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரை ஆட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் ஆடும் ஐஸ் ஹாக்கி. ஃபேன்டஸி கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும். முறை வைத்து ஒவ்வொருவராக ஆட்டக்காரர்களை எடுப்பதுதான் டிராஃப்ட். ஆல்-டைம் லீகில் ஒரே ஒரு மாற்றம்: 1930களில் ஆடிய எடி ஷோரையும் எடுக்கலாம், இன்று ஆடும் கேல் மகாரையும் எடுக்கலாம். பெரும்பாலும் ஓர் அணிக்கு ஆறு டிஃபென்ஸ்மேன்கள் (தடுப்பாட்டக்காரர்கள்), அதாவது மூன்று ஜோடிகள். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த ஆறு இடங்களில்தான்.

படி 1: எந்தக் கணக்கில் ஆடுகிறீர்கள் என்று கேளுங்கள்

ஆட்டக்காரரின் மிகச் சிறந்த ஒரு சீசனை மட்டும் எடுக்கும் லீக் உண்டு. வாழ்நாள் மொத்தத்தை எடுப்பதும் உண்டு. எண்களை ஓரமாக வைத்துவிட்டு, "இந்த இரண்டு அணியும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?" என்று உறுப்பினர்களே ஓட்டுப் போடுவதும் உண்டு.

இது தெரியாமல் பட்டியல் போடவே கூடாது. பாபி ஓர் மொத்தம் 657 ஆட்டங்கள்தான் ஆடினார். முழங்கால் காயங்களால் 30 வயதிலேயே ஓய்வு பெற்றார். அதில் 915 புள்ளிகள், அதாவது கோல்களும் அசிஸ்டுகளும் (கோல் விழ உதவிய பாஸ்கள்) சேர்ந்த எண்ணிக்கை. ரே போர்க் 1612 ஆட்டங்களில் 1579 புள்ளிகள் எடுத்தார். டிஃபென்ஸ்மேன்களில் அதுதான் சாதனை. மொத்தக் கணக்கு என்றால் போர்க்குக்குப் பக்கத்தில்கூட ஓர் வர முடியாது. ஒரு சீசன் கணக்கு என்றால் கதையே வேறு.

படி 2: விதியைக் கையில் வைத்துக் கூட்டிப் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். டிராஃப்ட் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

ஒரு சீசன் லீகில் கோலுக்கு 3, அசிஸ்டுக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். ஓர், 1970-71: 37 கோல், 102 அசிஸ்ட். 111-ம் 204-ம் சேர்த்து 315. பால் காஃபி, 1985-86: 48 கோல், 90 அசிஸ்ட். 144-ம் 180-ம் சேர்த்து 324. ஆக, காஃபி முந்துகிறார்!

இப்போது பிளஸ்-மைனஸையும் சேருங்கள். ஆட்டக்காரர் களத்தில் நிற்கும்போது அவருடைய அணி கோல் போட்டால் ஒன்று கூடும், கோல் வாங்கினால் ஒன்று குறையும். எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது போடும் பவர்பிளே கோல்கள் இதில் வராது. ஓருக்கு அந்த ஆண்டு +124. இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. காஃபிக்கு +61. ஒவ்வொன்றுக்கும் 1 கொடுத்தால் ஓர் 439, காஃபி 385.

இன்னொரு ஜோடியையும் போட்டுப் பாருங்கள். டெனிஸ் பாட்வின் 1978-79-ல் 31 கோல், 70 அசிஸ்ட், +71. லாரி ராபின்சன் 1976-77-ல் 19 கோல், 66 அசிஸ்ட், +120. பிளஸ்-மைனஸ் இல்லாவிட்டால் பாட்வின் 233, ராபின்சன் 189. அதைச் சேர்த்ததும் பாட்வின் 304, ராபின்சன் 309. ராபின்சன் ஆடிய மொன்றியால் அணி அந்த ஆண்டு 80 ஆட்டங்களில் எட்டில்தான் தோற்றது. அந்த அணியின் பலமும் அவருடைய கணக்கில் ஏறி நிற்கிறது. ஓட்டு லீகில் இதை எதிராளி கட்டாயம் சுட்டிக்காட்டுவார். எண் லீகில் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

பெனால்டி நிமிடங்களுக்கும் (தவறு செய்து தண்டனையாக வெளியே உட்காரும் நேரம்) மதிப்பெண் உண்டா என்று பாருங்கள். இருந்தால் கிறிஸ் செலியோஸ் (2891 நிமிடம்), ஸ்காட் ஸ்டீவன்ஸ் (2785) இருவரும் திடீரென்று தங்கம். 1564 ஆட்டங்களில் 514 நிமிடம் மட்டுமே வெளியே உட்கார்ந்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் அங்கே கீழே போய்விடுவார்.

படி 3: காலத்தைச் சமப்படுத்துங்கள்

1985-86-ல் ஒரு ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 7.9 கோல் போட்டன. 1970-71-ல் அது சுமார் 6.2. காஃபியின் 138 புள்ளிகளை 6.2-ஆல் பெருக்கி 7.9-ஆல் வகுத்தால் சுமார் 108 வரும். ஓருடைய 139 அப்படியே நிற்கிறது. ஓட்டு லீகில் ஓரை முதல் ஆளாக எடுக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

படி 4: எண்ணில் அகப்படாதவர்களைத் தனியாக எழுதுங்கள்

டக் ஹார்வியின் வாழ்நாள் கோல்கள் 88 மட்டுமே. புதியவர்கள் அவர் பெயரைக் கடந்து போய்விடுவார்கள். அவர் நாரிஸ் கோப்பையை, அதாவது ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான விருதை, ஏழு முறை வாங்கியவர். அவசரப்படாமல் பக்கை (பந்துக்குப் பதில் இருக்கும் ரப்பர் வட்டு) வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் வேகத்தையே தன் இஷ்டத்துக்குக் கூட்டியும் குறைத்தும் ஆடுவார். அந்த ஆட்டத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அவர் மேல் பிரியம் கூடிக்கொண்டே போகிறது. ஓட்டு லீகில் முதல் ஐந்து டிஃபென்ஸ்மேன்களுக்குள் அவரை எடுத்துவிடுங்கள்.

அதேபோல ராட் லாங்வே. 1982-83 சீசனில் வெறும் 3 கோல் போட்டு நாரிஸ் வாங்கினார். எல்லாரும் கோல் போடுபவர்களைத் துரத்தும்போது, இவர் கடைசிச் சுற்றுகள் வரை கிடைப்பார். முன்னால் ஏறி ஆடும் காஃபி போன்றவருக்குப் பின்னால் நிற்க இப்படி ஒருவர் வேண்டும்.

எடி ஷோரைப் பார்க்கும்போது நாரிஸ் எண்ணிக்கையைத் தேடாதீர்கள். அந்த விருதே 1954-ல்தான் தொடங்கியது. லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையை அவர் நான்கு முறை வாங்கியிருக்கிறார்.

படி 5: டிராஃப்ட் நாள்

வரிசை பாம்பு போல வளைந்து வரும். 12 பேர் ஆடினால், முதல் ஆளுக்கு 1-வது தேர்வுக்குப் பிறகு 24-ம் 25-ம்தான். 12-வது ஆளுக்கு 12-ம் 13-ம் அடுத்தடுத்து வரும். உங்கள் இடம் தெரிந்ததும், இடையில் எத்தனை பேர் போய்விடுவார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சில லீகுகளில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்து நிரப்பச் சொல்வார்கள். பெரிய பெயர்களில் பெரும்பாலானவர்கள் மட்டையை இடக்கை வாட்டத்தில் பிடிப்பவர்கள்: ஓர், ஹார்வி, லிட்ஸ்ட்ரோம், போர்க், பாட்வின், ராபின்சன், காஃபி எல்லாருமே. வலக்கை வாட்டக்காரர்கள் குறைவு. அதனால் அல் மெக்கின்னிஸ், செலியோஸ், மகார் மூவரையும் பட்டியலில் ஒரு சுற்று மேலே ஏற்றி வைப்பேன். அதே சமயம், மட்டை பிடிக்கும் வாட்டமும் நிற்கும் பக்கமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் இடக்கை வாட்டக்காரர், ஆனால் நின்றது வலப்பக்கம். உங்கள் லீக் எதைப் பார்க்கிறது என்று நடத்துபவரிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், திரையை மட்டும் நம்பாமல் ஒரு தாளில் 20 பெயர்களை வரிசையாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் உங்கள் லீக் விதிப்படி கூட்டிய எண் இருக்கட்டும். யாரையாவது எடுத்ததும் அடித்துவிடுங்கள். உங்கள் முறை வரும்போது, அடிபடாமல் மேலே நிற்கும் பெயர்தான் உங்களுடையது.