புகைப்படத்தை வாசிப்பது எப்படி?

முதலில் படத்துக்குக் கீழே உள்ள வரியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துவிட்டால் கண் அது சொன்னதை மட்டுமே தேடும். இரண்டு நிமிடம் பார்த்து, தெரிவதை மட்டும் எழுதுங்கள். ‘சோகமான பெண்’ என்பது உங்கள் முடிவு. ‘நெற்றி சுருங்கியிருக்கிறது, கை தாடையில்’ என்பதுதான் பார்த்தது. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

அடுத்து ஓரங்கள். பாதி வெட்டுப்பட்ட தோள், படச்சட்டத்துக்கு வெளியே போகும் பார்வை போன்றவை, எதை விட்டுவிட்டார்கள் என்று காட்டிக்கொடுக்கும். வெயிலில் எடுத்த படத்தில் நிழல் குட்டையாக இருந்தால் சூரியன் உச்சியில். கேமரா தாழ இருந்தால் ஆள் ஓங்கித் தெரிவார். உயரத்தில் இருந்தால் ஒடுங்கித் தெரிவார்.

அமெரிக்கப் புகைப்படக்கலைஞர் டோரத்தியா லாங் 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தைப் பாருங்கள். தாயின் தோளில் சாய்ந்த இரு குழந்தைகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதால் பார்வை தாயின் முகத்தில்தான் போய் நிற்கும். வலது கீழ்மூலையில் கூடாரக் கம்பைப் பற்றியிருந்த கட்டைவிரலைப் பின்னாளில் நெகட்டிவிலேயே மங்கலாக்கினார்கள். ஆவணமாக எடுத்த படம்தான், இருந்தும் கைவைத்திருக்கிறார்கள்! அதே இடத்தில் எடுத்த மற்றப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏன் இந்தப் படத்தைத் தேர்ந்தார்கள் என்பது பிடிபடும்.

கடைசியில் மறைத்த வரியைத் திறந்து உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். படத்தில் ஆதாரமே இல்லாத சொற்களை அடிக்கோடிடுங்கள்.