காதுகேளாத நோயாளியிடம் மருத்துவப் பணியாளர்கள் பேச வேண்டிய முறை

நோயாளி சைகை மொழியில் பேசுபவர் என்று தெரிந்தால், அவருக்கு நேரம் ஒதுக்கும்போதே மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்துவிட வேண்டும். அவருடைய சைகை மொழி எது என்பதை முதலில் கேட்டறிவது அவசியம். உலகம் முழுமைக்கும் பொதுவான சைகை மொழி கிடையாது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும்கூட ஒன்றுக்கொன்று புரியாத இரு வேறு சைகை மொழிகளே வழங்குகின்றன. சந்திப்பு நீளுமெனில் மொழிபெயர்ப்பாளர்கள் இருவரை அழைத்து, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளச் செய்வது நல்லது.

உடன் வந்த பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. தாய்க்குப் புற்றுநோய் என்பதைத் தாயிடமே சொல்லும் பாரத்தைச் சிறு குழந்தையின் மேல் ஏற்றுவது கொடுமை. வளர்ந்த உறவினர்களும் அன்பினாலேயே கசப்பான செய்தியைச் சுருக்கிவிடுவார்கள். உதட்டசைவையும் நம்ப முடியாது. 'படம்', 'மடம்' இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் மருத்துவருக்குப் பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி இருந்தால், நோயாளி இருவரையும் ஒருசேரப் பார்க்க முடியும். மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று நேரடியாகக் கேட்க வேண்டும், "அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்" என்பது எதிரில் இருப்பவரை இல்லாதவராக்கிவிடுகிறது. ஸ்கேன் படத்தைக் காட்டினால், அவர் பார்த்து முடித்து நிமிரும்வரை பேச்சை நிறுத்த வேண்டும். புருவமும் வாயும் சைகை மொழியின் இலக்கணத்தில் சேர்ந்தவை என்பதால், முகக்கவசம் கட்டாயமான இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு வாய் தெரியும் கவசம் தருவது உதவும்.

அதிகம் மறக்கப்படுவது கைகள். நோயாளிக்கு அவையே குரல். ஆகவே டிரிப்ஸ் ஊசியை அவர் குறைவாகப் பயன்படுத்தும் கையில் போட வேண்டும், தவிர்க்க முடியாத நிலையிலன்றிக் கைகளைக் கட்டக் கூடாது. எம்.ஆர்.ஐ. அறைக்குள் செவிக்கருவியை அணிய முடியாது, ஒலிபெருக்கியில் சொல்வதும் கேட்காது; மூச்சை எப்போது நிறுத்துவது, எப்போது விடுவது என்பதற்குக் காலைத் தட்டுவது போன்ற குறிப்புகளை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். காதுக்குள் காக்ளியர் கருவி (கேட்பதற்காக அறுவை சிகிச்சையில் வைக்கப்படும், காந்தம் கொண்ட கருவி) பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் அதற்கு முன்பே கேட்டாக வேண்டும். மயக்கம் தெளிந்தவுடன் மூக்குக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுப்பது சிறு செயல்தான், ஆனால் அது இல்லாமல் அவரால் உரையாடலைத் தொடரவே முடியாது. காணொளி வழி மொழிபெயர்ப்பு அவசரத்துக்குக் கைகொடுக்கும். படுத்திருப்பவருக்கும் பார்வை மங்கியிருப்பவருக்கும் நேரில் வருபவரே தேவை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டும். ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு, விவரமறிந்து சுயமாகத் தரும் ஒப்புதலையே கோருகிறது. தலையசைப்பதைப் புரிந்ததாகக் கொள்ளாமல், எந்த மாத்திரையை எப்போது உட்கொள்வார் என்று அவரையே சொல்லச் செய்ய வேண்டும். மறுமுறை வரும் நாளைத் தொலைபேசியில் அல்லாமல் குறுஞ்செய்தியில் தெரிவித்து, மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.