லேசர் விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள்

சென்னை ரிச்சி தெருவில் லேசர் மாட்யூல் வாங்கிக்கொண்டு இறுதியாண்டு புராஜெக்டுக்கு வரும் மாணவர்கள் அடிக்கடி சொல்வது இது: "சார், சின்ன பவர்தான். வெளிச்சமே தெரியல." எனக்கு வயிற்றைக் கலக்குவது அங்கேதான். தூரம் அளக்கவும், இருட்டில் படம் எடுக்கவும், ராணுவத்தில் இலக்கைக் குறிக்கவும் பயன்படும் லேசர்கள் பெரும்பாலும் அகச்சிவப்பு: 905, 1064, 1550 நானோமீட்டர். எதுவுமே கண்ணுக்குத் தெரியாது.

தெரியும் ஒளி கூசினால் கால் விநாடிக்குள் இமை மூடிவிடும். ஆனால் 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான ஒளியை நம் கண் விழித்திரையில் குவிக்கிறது. அதில் நாம் பார்ப்பது ஏறக்குறைய 700 வரைதான். மிச்சப் பகுதியில் இமைக்கவே தோன்றாது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. பார்வையில் ஒரு கரும்புள்ளி நின்ற பிறகுதான் விஷயமே புரியும்.

சரி, 1550 'கண்ணுக்குப் பாதுகாப்பானது' என்கிறார்களே? கண்ணின் முன்பகுதியில் உள்ள நீர் அதை உறிஞ்சிக்கொள்வதால் விழித்திரைக்குப் போகாது, அவ்வளவுதான். பவர் கூடினால் கருவிழி வெந்துபோகும். கருவிழியும் நம்முடையதுதானே. இன்னொன்று, மொபைல் கேமராவில் பார்த்து 'லேசர் ஆஃப்' என்று முடிவு கட்டுவது. கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு 905 தெரியும், 1550 தெரியாது. ஆனால் பலமான கற்றை பட்டால் சென்சார் பழுதாகும்.

பாதுகாப்புக் கண்ணாடியைக் கலர் பார்த்து எடுக்காதீர்கள். 532 பச்சை லேசருக்கான கண்ணாடி 1064-ஐ அப்படியே உள்ளே விடலாம். ஃபிரேமில் அச்சிட்ட அலைநீளத்தையும் ஓ.டி. எண்ணையும் (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) படியுங்கள், ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும்.

பாயின்டரில் ஒட்டியிருக்கும் '5 மில்லிவாட்' லேபிளும் நம்பத்தக்கதல்ல. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2013-இல் 122 பாயின்டர்களைச் சோதித்ததில், பச்சைப் பாயின்டர்களில் சுமார் 90 சதவீதம் விதிமுறையில் தேறவில்லை. அந்த வகைப் பாயின்டர்களில் பச்சை ஒளி 1064-இலிருந்துதான் உருவாகிறது. உள்ளே ஃபில்டர் சரியில்லை என்றால் அகச்சிவப்பும் சேர்ந்தே கசியும்.

பல்ஸ் லேசரில், அதாவது தொடர்ந்து எரியாமல் துடிப்புத் துடிப்பாக ஒளி விடும் வகையில், பவர் மீட்டர் காட்டும் சராசரியும் ஏமாற்றும். 10 மில்லிஜூல், 10 நானோவிநாடி, விநாடிக்கு 10 பல்ஸ் என்று வையுங்கள். மீட்டரில் 0.1 வாட்தான். ஆனால் ஒவ்வொரு பல்ஸின் உச்சமும் பத்து லட்சம் வாட்!

'லேசர் விரியவே விரியாது' என்பது பள்ளிக்கூட மிச்சம். விரிவுக் கோணம் 1 மில்லிரேடியன் என்றால் ஒரு கிலோமீட்டரில் ஒளிப்பொட்டு ஒரு மீட்டர் அகலம். தூரத்து மின்கம்பியைக் குறிவைத்தால் கம்பியும் பின்னாலுள்ள கட்டடமும் சேர்ந்தே ஒளியைத் திருப்பி அனுப்பும். தூரமானி காட்டுவது எதன் தூரம் என்று யோசிக்காமல் குறித்துக்கொள்பவர்களே அதிகம்.

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. 2025 ஏப்ரலில் டிஆர்டிஓ 30 கிலோவாட் லேசர் ஆயுதத்தைக் கர்னூலில் சோதித்துக் காட்டியது. அங்கே நடந்தது சென்னைக் கடலோரக் காசிமேட்டில் அப்படியே நடக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. கடற்காற்றின் உப்புத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். ஈரமும் துகள்களும் உறிஞ்சிய ஒளியால் காற்று சூடாகி, தானே ஒரு லென்ஸ் மாதிரி கற்றையை விரித்துவிடும். பவர் கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். லேசர் வெளிச்சத்தில் படம் எடுப்பதில் இதன் தம்பி போகிப் புகை: லேசரோடு கேமராவையும் சேர்த்தே திறந்து வைத்தால் அருகிலுள்ள புகைதான் வெள்ளையாகப் படத்தை மூடும். இலக்கிலிருந்து ஒளி திரும்பும் நொடித்துளியில் மட்டும் ஷட்டரைத் திறக்க வேண்டும்.

நானே செய்த தவறு ஒன்று. 20 டிகிரி ஏசி ஆய்வகத்திலிருந்து கருவியை நேராக மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் உடனே ஓட்டினேன். குளிர்ந்த லென்ஸில் ஈரம் முத்து முத்தாகப் படிந்தது. அதோடு ஒட்டிய தூசி லேசர் சூட்டில் வெந்து பூச்சு போய்விட்டது. இப்போதெல்லாம் பெட்டியை மூடியபடியே மாடியில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறக்கிறேன்.