காய்கறித் தோலை வாளியில் உரமாக்குவது எப்படி?

வெங்காயத் தோலையும் கத்தரிக்காய்க் காம்பையும் அப்படியே தொட்டிச் செடியின் அடியில் கொட்டாதீர்கள். அழுகும்போது வேருக்கு வேண்டிய காற்றை அது தின்றுவிடும். எறும்பும் பெருச்சாளியும் வேறு தேடி வரும். தனியாக மட்கவைத்துப் போடுவதே சரி.

மூடியோடு 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு போதும், பழைய சாமான் கடையில் கிடைக்கும். சுற்றிலும் நாலு விரல் இடைவெளி விட்டும், அடியில் ஐந்தாறு இடத்திலும், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போடுங்கள். செங்கல் மேல் தூக்கி, கீழே ஒரு தட்டு வைத்து, வெயிலும் மழையும் படாத மாடிப்படி அடியில் நிறுத்துங்கள்.

வாளியை விட முக்கியம் காய்ந்த இலை. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதை உறிஞ்ச ஏதாவது வேண்டும். சென்னையில் மாசி, பங்குனியில் வேம்பும் தூங்குமூஞ்சியும் கொட்டித் தீர்க்கும். அப்போதே இரண்டு மூட்டை கட்டி வையுங்கள். பாதாம் இலை, மாவிலை என்றால் நொறுக்கிப் போட வேண்டும். இலை இல்லாதவர்கள் தென்னை நார்த்தூள் வாங்கலாம். ஆனால் தொட்டிக்கு ஊறவைப்பதுபோல ஊறவைத்துப் போட்டால் பயனில்லை. கட்டியை உதிர்த்து, உலர்த்திப் போடுங்கள்.

அடியில் மூன்று அங்குலம் இலை. அதன்மேல் ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கிய கழிவு ஒரு கிண்ணம், அதை மூட இரண்டு கிண்ணம் இலை (நார்த்தூள் என்றால் ஒரு கிண்ணம்). தினமும் இதே கணக்கு. தொடக்கத்தில் ஒரு பிடி பழைய மட்கு உரம் அல்லது சாணம் சேருங்கள். இரண்டும் இல்லையென்றால், ஒரு தம்ளர் புளித்த மோரில் சம அளவு நீர் கலந்து தெளிக்கலாம். வாரம் இருமுறை கிளறிவிடுங்கள்.

டீத்தூளைச் சர்க்கரை போகக் கழுவிப் போடுங்கள், முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள். மீந்த சாம்பார், ஊறுகாய், மீன் கழிவு வேண்டவே வேண்டாம். உப்பும் எண்ணெயும் கெடுதல், மீன் வாடைக்குப் பெருச்சாளி மூடியையே கடிக்கும்.

ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம், கை ஈரமே ஆகவில்லையென்றால் குறைவு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை என்று அர்த்தம்: இலையை அள்ளிப் போட்டு, அடிவரை கிளறுங்கள். கண்ணை எரிக்கும் நெடி அடித்தாலும் இலைதான் மருந்து. கத்திரி வெயிலில் நேர்மாறாக எல்லாம் காய்ந்து, மட்குவது நின்றுவிடும், நீர் தெளியுங்கள். தடித்த, பழுப்பு நிறப் புழுக்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃப்ளை எனும் ஈயின் புழுக்கள், கழிவைத்தான் தின்னும், செடியைத் தொடாது. பூச்சிமருந்து அடித்தால் மட்கவைக்கும் உயிர்களும் சேர்ந்து சாகும்.

வாளி நிறைந்ததும் மூடிவைத்து, அடுத்ததில் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை கிளறினால் 45 முதல் 60 நாளில் கறுத்து, சூடு அடங்கி, மழை பெய்த மண் வாசனை வரும். தோல் எது, காம்பு எது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் பதினைந்து நாள் விடுங்கள், அவசரப்பட வேண்டாம்.

நிழலில் ஆறவிட்டுச் சலியுங்கள். புதுத் தொட்டிக்குச் செம்மண், நார்த்தூள், உரம் மூன்றும் சமபங்கு. வளர்ந்த செடிக்கு மாதம் இரண்டு கைப்பிடி, தண்டை ஒட்டாமல் ஓரமாகக் கிளறிப் போடுங்கள். தக்காளியும் பூசணியும் தானாக முளைக்கும், வாளிச் சூட்டில் அந்த விதைகள் சாவதில்லை. வேண்டாததைப் பிடுங்கிவிடுங்கள். சல்லடையில் தங்கும் சக்கை அடுத்த வாளிக்கு. அது இருந்தால் மோர் தேவையில்லை.