ஈரக் கையிலும் வழுக்காத கத்திப் பிடி: ஹைலம், ஜி10 பொருத்தும் முறை

மரப்பிடிக் கத்தியில் முதலில் கெடுவது பிடிதான். மரம் நனைந்து ஊதும், காய்ந்து சுருங்கும், ரிவெட்டைச் சுற்றி இடைவெளி விழும். அதற்குள் இறங்கிய தண்ணீர் இரும்பைத் துருவேற்றும். துரு பருத்துப் பிடியை இன்னும் பிளக்கும். அலகு நன்றாக இருந்தால் கத்தியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. துணியையோ கண்ணாடி இழையையோ பிசினில் ஊறவைத்து, சூட்டில் அழுத்திச் செய்த ஷீட்டில் புதுப் பிடி போட்டுக்கொள்ளலாம்.

பருத்தித் துணியும் ஃபீனாலிக் பிசினும் சேர்ந்ததைக் கத்தி செய்பவர்கள் மைக்கார்ட்டா என்பார்கள். 1910 வாக்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மின்காப்புக்காகக் கொண்டுவந்த பொருள் அது. அதே வகைச் சரக்கு நம் ஊர் எலெக்ட்ரிக்கல் கடைகளில் ஹைலம் ஷீட் என்ற பெயரில் கிடைக்கும். காகித ஹைலமும் உண்டு. அதன் விளிம்பு எளிதில் சில்லு சில்லாகப் பெயரும் என்பதால் துணி ஹைலம் என்றே கேட்டு வாங்குங்கள். வெட்டு முனையில் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணாடி இழையும் எபாக்ஸிப் பிசினும் சேர்ந்தது ஜி10. சர்க்யூட் போர்டு செய்யும் எஃப்ஆர்4, தீப்பற்றாமல் தடுக்கும் பொருள் சேர்ந்த அதன் உடன்பிறப்பு.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: பழைய சுவிட்ச்போர்டில் கழற்றிய ஷீட் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அந்தக் காலத்து ஃபீனாலிக் ஷீட்டுகளில் சிலவற்றுக்குள் இருந்தது துணியல்ல, ஆஸ்பெஸ்டாஸ். பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

இனி கைக்கு எப்படி இருக்கும் என்பது. துணி ஹைலத்தை இழைத்ததும் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான நூல் முனைகள் திறந்து நிற்கும். ஈரம் பட்டால் அவை லேசாக நீரை உறிஞ்சித் தலைதூக்கும். மீன் கழுவுகிற கையில் பிடி இறுகுவது இதனால்தான். ஜி10 நீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம். உப்பும் பாதியாய் அறுத்த எலுமிச்சையும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் பிடிப்பு முழுக்க நாம் விட்டுவைக்கும் கீறலில் இருக்கிறது. 1000 நம்பர் எமரித் தாள் வரை தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால், செதில் ஒட்டிய கையில் சோப்புக்கட்டிதான். எடையும் கூடுதல்: பிடியின் இரு பக்கமும் வைக்க 120 × 30 × 6 மி.மீ. அளவில் இரண்டு துண்டுகள் ஜி10 என்றால் 80 கிராமுக்குப் பக்கம், ஹைலம் என்றால் 60 கிராம். மெல்லிய அலகுள்ள கத்தியில் இந்த 20 கிராம், முனையைத் தூக்கிப் பின்பாரமாக்கிவிடும். ஆகவே வீட்டுச் சமையல் கத்திக்குத் துணி ஹைலம், படகிலோ தோட்டத்திலோ கிடந்து நனையும் கத்திக்கு ஜி10. கார்பன் ஃபைபர் லேசானது, அழகானது; காய் நறுக்க அந்தக் காசு தேவையில்லை.

பழைய ரிவெட்டின் தலையை அரத்தால் தேய்த்து, ஆணியால் தட்டி வெளியே எடுங்கள். பிடிக்குள் இருந்த இரும்பைத் துரு போக 80 நம்பர் எமரித் தாளால் தேய்த்துக் கீறலாகவே விடுங்கள். ஷீட்டின் உட்பக்கத்தையும் அப்படியே. பளபளப்பான பரப்பில் பசை பிடிக்காது. ஆறு மாதத்தில் பிடி தோலாக உரியும். அலகைத் தடித்த டேப்பால் சுற்றிவிட்டு, இரும்பை வார்ப்புருவாக வைத்துத் துளையிடுங்கள். அடியில் மரப்பலகை வைக்காவிட்டால் ட்ரில் வெளியேறும் பக்கம் துணி பிய்ந்து வரும். புது ரிவெட்டாகப் போடுவது 5 மி.மீ. பித்தளைக் கம்பி என்றால் 5.1 மி.மீ. துளை போதும்.

பலர் கோட்டைவிடும் இடம், அலகை ஒட்டி வரும் பிடியின் முன்முனை. ஒட்டிய பிறகு அங்கே அரம் போட்டால் அலகு கீறும். ஆகவே இரண்டு துண்டுகளையும் கம்பியில் கோத்துச் சேர்த்துப் பிடித்து, முன்முனையை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே கடைசி மெருகு வரை முடித்துவிடுங்கள்.

ஒட்டும் பரப்புகளை அசிட்டோனில் துடைத்த பின் விரல் படக் கூடாது. மெதுவாக இறுகும் அரால்டைட் எபாக்ஸிப் பசையில் இரண்டு குழாயிலும் சம நீளம் பிதுக்கி, இரண்டு நிமிடம் கலக்குங்கள். 10 கிராம் தாராளம். ஐந்து நிமிட எபாக்ஸி இதற்கு வேண்டாம், தண்ணீரைத் தாங்குவதில் அது மட்டம். பசை தடவி, இரும்பின் இரு பக்கமும் துண்டுகளை வைத்துக் கம்பியைக் கோத்த பின், சி கிளாம்ப்பை (சி வடிவ இறுக்கி), விளிம்பில் பசை முத்து முத்தாகத் தெரியும் வரைதான் இறுக்க வேண்டும். பலம் கொண்ட மட்டும் திருகினால் பசை முழுவதும் வெளியேறி, உள்ளே ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. முன்முனையில் கசிந்ததை உடனே அசிட்டோன் பஞ்சால் துடைத்துவிட்டு, 24 மணி நேரம் தொடாதீர்கள்.

உருவம் கொடுக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம், ஜி10 தூளில் இருப்பது கண்ணாடி. முடிந்தவரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. மேலே பட்டு அரித்தால் சொறியாமல் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பித்தளைத் தலையை மெஷினில் தேய்த்தால் சூடு உள்ளே இறங்கிப் பசையை இளக்கும். விரல் வைக்க முடியாத சூடு வருமுன் தண்ணீரில் முக்குங்கள்.

கடைசித் தாள் ஹைலத்துக்கு 220, ஜி10க்கு 320. அதற்கு மேல் போகாதீர்கள். தேய்த்து முடித்த ஹைலம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறி இருக்கும். இரண்டு சொட்டு மினரல் ஆயில் தடவினால் நிறம் திரும்பும். நாளடைவில் கை எண்ணெயும் மஞ்சள்தூளும் ஏறி வழவழத்தால், பச்சை ஸ்கிரப்பரால் பாத்திரச் சோப்புப் போட்டு ஒருமுறை தேய்க்க, நூல் முனைகள் மறுபடி திறந்துகொள்ளும்.