பிரிட்டன்ல பிசிக்ஸ் வித் ஆஸ்ட்ரோபிசிக்ஸ் டிகிரி: எப்படி தேர்ந்தெடுக்கறது, எப்படி படிக்கறது

பிளாக் ஹோல் வீடியோ பாத்து இந்த கோர்ஸ் மேல ஆசை வந்தவங்க நிறைய பேரு, அந்த ஆசை ரொம்ப நல்லது, அதை விட்டுடாதீங்க. ஆனா சேர்றதுக்கு முன்னாடியே ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இந்த டிகிரியில முக்கால்வாசி பிசிக்ஸ்தான், மெக்கானிக்ஸ், எலக்ட்ரோமேக்னடிசம், குவாண்டம், தெர்மோடைனமிக்ஸ், அதுக்கு வேண்டிய மேத்ஸ், லேப். முதல் வருஷத்துல விண்வெளி பத்தி ஒண்ணு ரெண்டு பேப்பர்தான் இருக்கும்.

இதுல ஏமாந்து போக எதுவுமே இல்லீங்க. ஒரு நட்சத்திரம் ஏன் நசுங்காம நிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க, உள்ள இழுக்கற ஈர்ப்பு மெக்கானிக்ஸ், வெளிய தள்ளற அழுத்தம் தெர்மோடைனமிக்ஸ், நடுவுல எரியறது நியூக்ளியர் பிசிக்ஸ், அந்த வெளிச்சம் ஸ்பெக்ட்ரத்துல கோடு கோடா தெரியறது குவாண்டம். எரிபொருள் தீர்ந்தப்புறம் அது வெள்ளைக் குள்ளனா சுருங்கி நிக்கறதுக்குக் காரணம், ஒரே நிலையில ரெண்டு எலக்ட்ரான் இருக்க முடியாதுங்கற பாலி விதி, அதுக்கும் ஒரு எல்லை உண்டு, சூரியனோட நிறையில சுமார் 1.4 மடங்கு. சென்னை பிரசிடென்சி காலேஜ்ல பிசிக்ஸ் முடிச்ச சந்திரசேகர், 1930ல இங்கிலாந்துக்கு கப்பல்ல போறப்ப போட்டுப் பாத்த கணக்கு அது, குவாண்டமும் ரிலேட்டிவிட்டியும் அவருக்கு அத்துப்படியா இருந்ததாலதான் நடுக்கடல்ல உக்காந்து நட்சத்திரத்தோட கடைசிக் காலத்தைக் கணக்கு போட முடிஞ்சுது. அதனால பிசிக்ஸ் பேப்பரை எல்லாம் கடனேன்னு முடிச்சுட்டு ஆஸ்ட்ரோ பேப்பருக்காக காத்திருக்கறவங்க மூணாவது வருஷத்துல திணறிடுவாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும்.

சரி, அப்ளை பண்றது. ஏ லெவல்ல (அங்கத்து பிளஸ் டூ மாதிரி) மேத்ஸும் பிசிக்ஸும் கட்டாயம்னு வச்சுக்கோங்க, ஃபர்தர் மேத்ஸ் எடுக்க முடிஞ்சா கண்டிப்பா எடுங்க, காம்ப்ளெக்ஸ் நம்பர், மேட்ரிக்ஸ், டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் எல்லாம் முன்னாடியே பழகியிருந்தா முதல் டெர்ம்ல மூச்சு விட நேரம் இருக்கும். நம்ம ஊர்ல பிளஸ் டூ முடிச்சுட்டு வர்றவங்களுக்கு ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் ஒவ்வொரு மார்க் கேக்கும், சில இடத்துல ஃபவுண்டேஷன் வருஷம் படிச்சுட்டு வான்னு சொல்வாங்க, ஏஜென்ட் சொல்றத நம்பாம அட்மிஷன்ஸ் ஆஃபீசுக்கு நீங்களே ஒரு மெயில் போட்டு கேட்டுடுங்க. யூகாஸ்ல, அதாவது பிரிட்டன் யுனிவர்சிட்டிகளுக்கு பொதுவா விண்ணப்பிக்கற இடத்துல, ஒரே விண்ணப்பத்துல 5 இடம் போடலாம், ஆக்ஸ்ஃபோர்ட் இல்லைன்னா கேம்பிரிட்ஜ் ஏதாவது ஒண்ணுதான் போட முடியும், அதுக்கு அக்டோபர்லயே கெடு முடிஞ்சுடும், மத்ததுக்கு ஜனவரி. ஏன் இந்த கோர்ஸ்னு நீங்க எழுதிக் குடுக்கற பெர்சனல் ஸ்டேட்மென்ட்டை 2026 அட்மிஷன்லேருந்து மூணு கேள்வியா பிரிச்சுட்டாங்க, மொத்தம் 4000 எழுத்துக்குள்ள. சின்ன வயசுல மொட்டை மாடியில நிலாவைப் பாத்தேன்னு ஆரம்பிக்காதீங்க, நீங்களா செஞ்ச ஒரு வேலையைப் பத்தி எழுதுங்க, அது என்ன மாதிரி வேலைன்னு கீழ சொல்றேன்.

பிஎஸ்சி 3 வருஷம், மாஸ்டர்ஸும் சேர்ந்தே வர்ற எம்ஃபிஸ் 4 வருஷம், ஸ்காட்லாந்துல ரெண்டுக்கும் ஒரு வருஷம் கூடுதல். ஆராய்ச்சிக்குப் போற எண்ணம் கொஞ்சமாவது இருந்தா எம்ஃபிஸ் போடுங்க, பின்னாடி பிஎஸ்சிக்கு இறங்கறது சுலபம், மேல ஏறணும்னா மார்க் பாப்பாங்க, விசாவுல வந்தவங்களுக்கு விசா நீட்டிக்கற அலைச்சலும் சேரும். கோர்ஸுக்கு இன்ஸ்டிடியூட் ஆஃப் பிசிக்ஸ்ங்கற அங்கத்து பிசிக்ஸ் அமைப்போட அங்கீகாரம் இருக்கான்னு பாத்துக்கோங்க. வெறும் பிசிக்ஸ்ல சேர்ந்தவங்க முதல் வருஷம் முடிஞ்சதும் ஆஸ்ட்ரோ பக்கம் மாறவும், இங்கேருந்து அங்க போகவும் பல டிபார்ட்மென்ட்ல விடுவாங்க, அதனால கோர்ஸ் பேரை நினைச்சு தூக்கத்தை கெடுத்துக்க வேணாம், மூணாவது நாலாவது வருஷத்துல என்னென்ன பேப்பர் இருக்குன்னு வெப்சைட்ல போய் படிங்க. நட்சத்திர அமைப்பு, கேலக்ஸி, காஸ்மாலஜி, கதிர்வீச்சு எப்படி உண்டாகுது, இந்த நாலும் இல்லாத கோர்ஸ்ல நான் சேர மாட்டேன்.

டெலஸ்கோப் வசதியும் பாக்க வேண்டியதுதான். மான்செஸ்டர்காரங்களுக்கு ஜோட்ரல் பேங்க் இருக்கு, 1957லேருந்து ஓடற 76 மீட்டர் லவல் ரேடியோ டெலஸ்கோப் அங்கதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கு மில் ஹில்ல சொந்த ஆப்சர்வேட்டரி, செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஜேம்ஸ் கிரெகரி டெலஸ்கோப். சவுத்தாம்ப்டன்ல நல்ல மார்க் எடுக்கறவங்க நாலாவது வருஷத்தை அமெரிக்காவுல ஹார்வர்ட் ஸ்மித்சோனியன் மையத்துல ஆராய்ச்சி பண்ணி முடிக்கற மாதிரி ஒரு கோர்ஸ் இருக்கு. ஆனா பிரிட்டன் வானத்துல மேகம் சாதாரணம், உங்க ஆராய்ச்சி பெரும்பாலும் வேற எங்கயோ எடுத்த டேட்டாவை வச்சுதான் இருக்கும்.

அதனாலதான் பைத்தான் ப்ரோக்ராமிங் இப்பவே கத்துக்கோங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். அந்த நீங்களா செய்யற வேலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியல: நட்சத்திரங்களோட இடம், தூரம், நகர்வை அளந்த கையா விண்கலத்தோட டேட்டா, 180 கோடி நட்சத்திரத்துக்கு மேல, ஃப்ரீயா கிடைக்குது. அதுல நம்ம கார்த்திகைக் கூட்டத்தை எடுங்க. அந்தப் பக்கம் தெரியற நட்சத்திரம் எல்லாமே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது இல்ல, அதனால சொந்த நகர்வு (வானத்துல நட்சத்திரம் மெல்ல இடம் மாறற வேகம்) கிழக்கா வருஷத்துக்கு சுமார் 20, தெற்கா சுமார் 45 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 36 லட்சமா பிரிச்சா அதுல ஒரு பங்கு) இருக்கறத மட்டும் வடிகட்டுங்க, பேரலாக்ஸ், அதாவது பூமி சூரியனைச் சுத்தறதால நட்சத்திரம் கொஞ்சம் இடம் மாறித் தெரியற கோணம், 7.4 மில்லி ஆர்க்செகண்ட் பக்கம் வருதான்னு பாருங்க, தூரத்துல அது சுமார் 135 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). அந்த தூரத்துக்கு தெரியற மேக்னிட்யூட்லேருந்து (பிரகாச அளவு, எண் குறைஞ்சா பிரகாசம் கூடும்) சுமார் 5.65 கழிச்சா நிஜ பிரகாசம், 10ஆ தெரியற நட்சத்திரம் 4.35 ஆகும், நம்ம சூரியனை விட கொஞ்சம் பிரகாசம். கிடைச்சதை நிறத்துக்கு எதிரா வரைஞ்சு பாருங்க, மேலேருந்து கீழ ஒரு பட்டை அழகா இறங்கும், அந்தப் பட்டைக்குப் பக்கத்துலயே கொஞ்சம் மேல இன்னொரு மெல்லிசான பட்டை தெரிஞ்சா அது ரெண்டு நட்சத்திரம் ஒண்ணா சேர்ந்து ஒரே புள்ளியா தெரியறது. ஒரு சனி ஞாயிறு போதும். ஸ்டேட்மென்ட்ல இதை எழுதுங்க, எந்த நட்சத்திரத்தை ஏன் தள்ளினீங்கன்னும் எழுதுங்க, இன்டர்வியூ இருந்தா அதைத்தான் துருவித் துருவி கேப்பாங்க.

சேர்ந்தப்புறம் படிக்கற விதம் பத்தி. வாரா வாரம் ப்ராப்ளம் ஷீட் வரும், விடையைப் பாக்காம முட்டி மோதி போடுங்க, மாட்டிக்கிட்டா ட்யூட்டோரியல்ல வாய் திறந்து கேளுங்க, நம்ம பிள்ளைங்க அங்க போயும் கூச்சப்பட்டு உக்காந்திருக்கும், தேவையே இல்ல. லேப் நோட்டுல அளவு எடுக்கறப்பவே அதோட பிழையையும் எழுதிடுங்க, சாயங்காலம் எழுதிக்கலாம்னு விட்டா வராது. குவாண்டமும் ஸ்டாட்டிஸ்டிக்கல் மெக்கானிக்ஸும் ரெண்டாவது வருஷத்துல ஒண்ணா வந்து அழுத்தும், அந்த வருஷம் பார்ட் டைம் வேலை நேரத்தை குறைச்சுக்க முடிஞ்சா குறைங்க.

செலவை மறைக்க விரும்பல. இங்கிலாந்துல ஹோம் மாணவர்களுக்கு, அதாவது அங்கயே இருக்கறவங்களுக்கு, 2025-26ல வருஷம் 9,535 பவுண்ட், வெளிநாட்டுலேருந்து வர்றவங்களுக்கு பல இடத்துல 25,000 பவுண்டுக்கு மேல, லேப் இருக்கற கோர்ஸ்ங்கறதால இன்னும் கூடும். அவ்வளவு கடன் வாங்கணும்னா ஊர்ல நல்ல காலேஜ்ல பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சுட்டு முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோட வர்றதுதான் என் யோசனை, அதுல எந்தக் குறைச்சலும் இல்ல. சீரா ரேடியோ துடிப்பு அனுப்பற பல்சர்ங்கற நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்ச ஜோசலின் பெல் பர்னல் கிளாஸ்கோவுல பிசிக்ஸ் டிகிரி முடிச்சுட்டுதான் கேம்பிரிட்ஜ் போனாங்க, 2018ல கிடைச்ச 30 லட்சம் டாலர் பரிசை அப்படியே இன்ஸ்டிடியூட் ஆஃப் பிசிக்ஸ்கிட்ட குடுத்தாங்க, வாய்ப்பு குறைவா கிடைக்கற பின்னணியிலேருந்து வர்ற பிசிக்ஸ் ஆராய்ச்சி மாணவர்களுக்கு அதுலதான் உதவித்தொகை போகுது, பின்னாடி உங்களுக்கும் பொருந்தலாம், குறிச்சு வச்சுக்கோங்க.

ரெண்டாவது வருஷ கோடையிலேருந்து ஆராய்ச்சி வேலை தேடுங்க, ராயல் அஸ்ட்ரோனாமிக்கல் சொசைட்டி அதுக்கு பணம் தருது, ஆனா உங்களை எடுத்துக்க ஒரு சூப்பர்வைசர் முதல்ல சம்மதிக்கணும், அதனால கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடியே உங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டு மூணு பேரோட கதவைத் தட்டி, அந்த கார்த்திகை படத்தைக் காட்டி பேசுங்க.