புரத ஜெல்லில் பிணைநீரின் மின்விளைவை அளப்பது எப்படி?

10% ஜெலட்டின் ஜெல்லில் ஒரு கிராம் புரதத்துக்கு ஒன்பது கிராம் நீர் இருக்கும். அதில் புரதத்தோடு பிணைந்திருப்பது ஏறத்தாழ 0.3 முதல் 0.5 கிராம்தான். ஈர ஜெல்லை அப்படியே அளந்தால் கட்டற்ற நீர் அதை மூழ்கடித்துவிடும். ஆகவே ஈரத்தைப் படிப்படியாகக் குறைத்து அளப்பதே சரியான வழி.

10 கிராம் ஜெலட்டினை அயனி நீக்கிய 90 கிராம் குளிர்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, 50 டிகிரி செல்சியஸில் கரையுங்கள். உப்பு மிச்சமிருந்தால் அதன் அயனிகளே கடத்துத்திறனை ஏற்றும்; முன்கூட்டியே டயாலிசிஸ் (சவ்வு வழியே உப்பை வெளியேற்றுதல்) செய்துவிடுங்கள். குமிழி அடங்கியதும் அச்சில் ஊற்றி, 5 டிகிரியில் ஓர் இரவு உறையவிடுங்கள். பிறகு, உலர்ந்தபின் 20 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் வருமாறு வட்டுகளாக வெட்டுங்கள்.

வட்டுகளை 25 டிகிரியில், தெவிட்டிய உப்புக் கரைசல்களுக்கு மேலே மூடிய ஜாடிகளில் வையுங்கள். லித்தியம் குளோரைடு 11%, மக்னீசியம் குளோரைடு 33%, சோடியம் குளோரைடு 75%, பொட்டாசியம் குளோரைடு 84% ஈரப்பதம் தரும். ஒரு நாளில் எடை மாற்றம் 1 மி.கிராமுக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். இங்கே அவசரப்பட்டால் வட்டின் விளிம்பு ஒன்றாகவும் நடு வேறாகவும் இருக்கும். 84% ஜாடியில் பூஞ்சை வரலாம், தினமும் பாருங்கள்.

தங்கமுலாம் பூசிய இரு தகடுகளுக்கிடையே வட்டை வைத்து, எல்.சி.ஆர். மீட்டரில் (மின்தேக்குத்திறன், மின்தடை போன்றவற்றை மாறுமின்னோட்டத்தில் அளக்கும் கருவி) 100 ஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை, 100 மில்லிவோல்ட்டில் அளக்கவும். இந்த அளவுள்ள காலிக் கலத்தின் மின்தேக்குத்திறன் 2.8 பிக்கோஃபாரட் மட்டுமே. ஒரு மீட்டர் கேபிளே அதைப் பலமடங்கு மிஞ்சும் என்பதால், தகடுகளைத் தொடாமல் வைத்தும் (திறந்த நிலை), ஒன்றையொன்று தொடவைத்தும் (குறுக்குச் சுற்று) அளந்து செய்யும் இரு திருத்தங்களையும் விடக்கூடாது.

பெரும்பாலான தவறுகள் தொடுபரப்பில்தான். ஒப்புமை விடுதிறன் (காலிக் கலத்தின் மின்தேக்குத்திறனைப் பொருள் எத்தனை மடங்காக்கும் என்ற அளவு) 60 உள்ள 1 மி.மீ. ஜெல், 17 மைக்ரான் காற்றுக்குச் சமம். இடையில் 10 மைக்ரான் காற்று புகுந்தாலே மின்தேக்குத்திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தகடுகளை அழுத்தும் சுருள்வில்லின் விசை சீராக இருக்கட்டும். ஈரம் மிகுந்த வட்டுகளில், குறைந்த அதிர்வெண்ணில் விடுதிறன் ஆயிரக்கணக்கில் வந்தால் மகிழ வேண்டாம்: அயனிகள் மின்முனையில் குவிகின்றன. அதே ஈரத்தில் 1, 2 மி.மீ. தடிமனுள்ள இரு வட்டுகளை அளந்து, மின்மறுப்புகளை (மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடை) ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் மின்முனையின் பங்கு நீங்கும்.

கடைசியாக வட்டை 105 டிகிரியில் எடை நிலைக்கும்வரை உலர்த்தி, ஒரு கிராம் புரதத்துக்கு எத்தனை கிராம் நீர் எனக் கணக்கிடுங்கள். அதற்கெதிரே கடத்துத்திறனின் மடக்கையை வரையுங்கள். உலர்ந்த பக்கத்தில் கோடு செங்குத்தாக ஏறி, புரதத்தில் நீர் பிணையும் இடங்கள் நிரம்பும் கட்டத்தில் ஏற்றம் தணியத் தொடங்கும்.

சரிபார்க்க, ஈர ஜெல்லை −20 டிகிரிக்கு மெதுவாகக் குளிர்வித்து 1 மெகாஹெர்ட்ஸில் அளக்கலாம். அங்கே பனிக்கட்டியின் விடுதிறன் 3.2 அளவில்தான் நிற்கும். அதற்கு மேல் தெரிவது பெரும்பாலும் உறையாத நீரும் அதில் நகரும் அயனிகளும் தருவது. பனி விரிந்து தகடுகளைத் தள்ளும். தடிமனை அந்தக் குளிரிலேயே மறுபடி அளந்துகொள்ளுங்கள்.